பிழைக்குறியின் பொருள் காணல்

ஒருவர் தம் கணிப்பொறியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படுகின்றார். திரையிலே ஒரு பட்டை மெல்ல மெல்ல நீள்கின்றது. முக்காற்பங்கு நீண்ட அப்பட்டை, யாது காரணத்தாலோ நின்று, பின்னர் வந்த வழியே திரும்பத் தொடங்குகின்றது. இறுதியில் ஒரு சிறு பெட்டி தோன்றி, நிறுவல் நிறைவேறவில்லை என்று கூறி, 1603 என்னும் எண்ணைக் காட்டி நிற்கின்றது. அவர் மீண்டும் முயல்கின்றார், மீண்டும் 1603. மூன்றாம் முறையும் அதுவே. அறிந்தார் ஒருவர் கூறினார் என்று வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்குகின்றார். மற்றொருவர் கூறினார் என்று தமக்கு விளங்காத சில பதிவுகளை அழிக்கின்றார். ஒன்றும் பயன்படாமையால், ஈற்றில் வன்தட்டு முழுவதையும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்கின்றார். பல்லாண்டுகளாகச் சேர்த்த கணக்குகளும் ஒளிப்படங்களும் அத்துடன் மறைந்து போகின்றன. உண்மைக் காரணமோ மிகச் சிறிது. மென்பொருள் சென்று அமையவேண்டிய கோப்புறையில் எழுதுதற்குரிய உரிமை அளிக்கப்படவில்லை, அவ்வளவே. சில நிமிடங்களில் தீர்ந்திருக்க வேண்டிய குறை, ஓரெண்ணின் பொருள் விளங்காமையால் இத்துணைப் பேரிழப்பில் முடிந்தது.

திரையில் தோன்றும் அத்தகைய எண்ணைப் பிழைக்குறி என்பர். எரர் கோட் என்பது உலக வழக்கு. மந்திர எழுத்தைக் கண்டாற்போல அதனைக் கண்டு மருள்வார் பலர். ஆயின் அது மந்திரம் அன்று, ஒரு சொல். சொல்லாதலின் அதற்குப் பொருள் உண்டு. பொருள் காணும் முறையும் உண்டு.

அம்முறையை அறியுமுன், நிறுவி எனப்படும் மென்பொருள் செய்யும் பணி யாதென அறிதல் வேண்டும். நிறுவுதல் என்பது கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுத்தல் மட்டும் அன்று. நிறுவியானது முதற்கண் அக்கணிப்பொறி தனக்கு ஏற்றதுதானா என்று ஆராயும்; வன்தட்டில் இடம் உளதா என்று அளக்கும்; தன்னை ஏவியவருக்கு உரிமை உளதா என்று வினவும்; பழைய பதிப்பு ஏதேனும் முன்னரே உளதா என்று தேடும். பின்னரே கோப்புகளை உரிய இடங்களில் வைக்கும். ரெஜிஸ்ட்ரி என்னும் பொதுப் பேரேட்டில் தன் வரவை எழுதும். திரைக்குப் பின்னே ஓயாது இயங்கும் சேவைகளைத் தொடங்கி வைக்கும். 1999ஆம் ஆண்டில் ஆபீஸ் 2000 என்னும் தொகுப்புடன் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் இன்ஸ்டாலர் இப்பணிகளை ஓர் ஒழுங்குக்குள் கொணர்ந்தது. அது செய்யும் ஒவ்வொரு மாற்றத்திற்கும், அம்மாற்றத்தை நீக்கும் வழியையும் உடனுக்குடன் எழுதி வைத்துக்கொள்ளும். இடையிலே ஓரிடத்தில் தடையுற்றால், செய்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிக் கணிப்பொறியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடும். நீண்ட பட்டை திரும்பி வருதல் இதனாலேயே. எனவே, பிழைக்குறி திரையில் தோன்றும் வேளையில் பிழை நிகழ்ந்து நெடும்பொழுது கழிந்திருக்கும். தடயங்களிற் பலவும் துடைக்கப்பட்டிருக்கும். இவ்வுண்மையை மாணவர் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

ஒரு நிரல் தன் பணியை முடிக்குங்கால், தன்னை ஏவிய நிரலிடம் ஓரெண்ணை விட்டுச் செல்லும். அவ்வெண் சுழியாயின், பணி இனிது முடிந்தது என்பது பொருள். வெற்றிக்குச் சுழியையும் தோல்விக்குப் பிற எண்களையும் வைத்தது ஏன் என்று சிலர் வியப்பர். வெற்றி ஒருவகைத்து; அதற்கு ஓரெண் போதும். தோல்வியோ பலவகைத்து, அதற்குப் பலவெண் வேண்டும். அம்முறை வசதி கருதி அமைந்ததேயன்றி வேறன்று.

எனினும், சுழியல்லாத எண் யாவும் தோல்வியைக் குறிக்கும் என்று கொள்ளுதலும் தவறு. 3010 என்னும் எண் தோன்றியதும் நிறுவல் கெட்டது என்று எண்ணி அதனை மீண்டும் மீண்டும் செய்வார் உளர். அவ்வெண்ணின் பொருள், நிறுவல் வெற்றியாய் முடிந்தது, ஆயினும் கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குதல் வேண்டும் என்பதே. 1641 என்பது, அம்மறுதொடக்கத்தை நிறுவி தானே தொடங்கிவிட்டது எனக் கூறும். 1602 என்பதோ எவரையும் குறை கூறவில்லை. பயன்படுத்துவோர் தாமே நிறுவலை நிறுத்திவிட்டார் என்று அறிவிக்கின்றது. 1618 என்பது, மற்றொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கின்றது, அது முடியும் வரை பொறுத்திரு என்பதாம். 1638 என்பது, அம்மென்பொருளின் வேறொரு பதிப்பு முன்னரே இக்கணிப்பொறியில் உளது என்னும் செய்தி. இவற்றை அறிந்தார்க்கு அச்சம் இல்லை. அறியாதார்க்கு எல்லா எண்ணும் ஒரே அச்சுறுத்தல்.

செய்தியைச் சொல்லாலேயே கூறிவிடலாகாதா, எண் எதற்கு என்னும் வினா எழலாம். சொல் மொழிக்கு மொழி வேறுபடும், எண் வேறுபடாது. சென்னையில் உள்ளார்க்கும் பாரிசில் உள்ளார்க்கும் டோக்கியோவில் உள்ளார்க்கும் செய்தி அவரவர் மொழியில் தோன்றினும், 1618 என்பது 1618 ஆகவே தோன்றும். ஒருவர் கண்ட தீர்வை மற்றவர் தேடிப் பெறுதற்கு அவ்வெண்ணே வழியாகின்றது. எண்ணின்றிச் சொல்லை மட்டும் நம்பியதன் விளைவுக்கு ஒரு சான்று உண்டு. 2015ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 நிறுவ முயன்ற சிலருக்கு ஒரு பெட்டி தோன்றியது. அதன் தலைப்பில் 'ஏதோ நிகழ்ந்தது' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் இருந்தது. விளக்கம் இருக்கவேண்டிய இடத்திலும் அத்தொடரே இருந்தது. அதனைக் கண்டு உலகம் நகைத்தது. நகைத்தவர்க்குத் தீர்வு மட்டும் கிட்டவில்லை.

இனி, பிழைக்குறியைப் பகுத்தறியும் முறையைக் காண்க. சில குறிகள் 1603 என்பதுபோலச் சிறிய எண்ணாக நிற்கும். வேறு சில 80070643 என்பதுபோல நெடிதாய், முன்னால் ஒரு சுழியையும் எக்ஸ் என்னும் எழுத்தையும் பெற்று வரும். அம்முன்னொட்டுக்குத் தனிப்பொருள் இல்லை. பின்வரும் எண் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதப்பட்டது என்பதற்கு அஃது ஓர் அடையாளம். அம்முறையில் பத்து முதல் பதினைந்து வரையுள்ள மதிப்புகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் எழுத்துகள் நிற்கும். ஒவ்வோர் இலக்கமும் இடப்புறம் நகருந்தோறும் பதினாறு மடங்காகும்.

தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு இத்தகைய நெடிய குறியைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. நடந்தனன் என்னும் சொல்லை அவர்கள் எங்ஙனம் பகுப்பர்? நட என்பது பகுதி. ஈற்றில் நிற்கும் அன் என்பது விகுதி. இடையில் நிற்கும் தகர ஒற்றுக் காலம் காட்டும் இடைநிலை. எஞ்சியவை சந்தியும் விகாரமும் சாரியையும் ஆம். ஒரே சொல்லுக்குள் செயலும் காலமும் செய்தவன் ஆண்பாலன் என்பதும் அடங்கிக் கிடக்கின்றன அன்றோ? நன்னூலார் கூறிய அப்பகுபத உறுப்பிலக்கணம் போன்றதோர் இலக்கணம் இக்குறிகளுக்கும் உண்டு.

80070643 என்பதனை 8, 007, 0643 என மூன்றாகப் பிரிக்க. முதலில் நிற்கும் 8, இது தோல்வி என்பதைக் காட்டும். அடுத்து நிற்கும் 007, அத்தோல்வியை அறிவித்த துறை யாது என்பதைக் காட்டும். ஏழு என்பது விண்டோஸ் இயக்கமுறைமையின் அடிப்படைப் பிழைகளுக்குரிய துறை எண். இறுதியில் நிற்கும் 0643 பிழையின் எண். அதனை வழக்கமான எண்முறைக்கு மாற்றுதல் வேண்டும். ஆறினை 256 ஆல் பெருக்க 1536, நான்கினைப் பதினாறால் பெருக்க 64, இறுதியில் மூன்று. கூட்டினால் வருவது 1603. முதலில் கண்ட பழைய 1603 தான், நெடிய உடை அணிந்து வேற்றாள் போல நிற்கின்றது!

இவ்வாறே 80070005 என்பதன் இறுதி ஐந்து. ஐந்தாம் பிழையாவது, உரிமை மறுக்கப்பட்டது என்பது. 80070070 என்பதில் 70 என்பது எழுபது அன்று. ஏழினைப் பதினாறால் பெருக்கிய 112. அது வட்டில் இடமில்லை என்பதனைச் சுட்டும். 80070652 என்பதனை மாற்றினால் 1618 வரும். 80070666 என்பதனை மாற்றினால் 1638 வரும். இப்பின்னது, விசுவல் சி பிளஸ் பிளஸ் துணைத்தொகுப்பை நிறுவுவோர் அடிக்கடி காண்பது. அங்கே கெட்டது ஒன்றுமில்லை. அத்தொகுப்பின் வேறு பதிப்பு முன்னரே அங்கே இருக்கின்றது. இவ்வுண்மை அறியாது கணிப்பொறியைப் பழுதுபார்க்க எடுத்துச் செல்வார் பணமும் பொழுதும் இழப்பர்.

துறையைக் காட்டும் உறுப்பை வாளா கடந்து செல்லுதல் கூடாது. ஒரு சொல் பலபொருள் குறித்து வருதலும், பல சொல் ஒருபொருள் குறித்து வருதலும் மொழியில் உண்டு. நிகண்டுகள் அவற்றைத் தனித்தொகுதிகளாகவே வகுத்துள்ளன. பிழைக்குறிகளிலும் இவ்விரண்டும் உள. 13 என்னும் எண் லினக்ஸ் இயக்கமுறைமையில் உரிமை மறுக்கப்பட்டது எனப் பொருள்படும். விண்டோசில் அதே 13, தரவு முறையற்றது எனப் பொருள்படும். உரிமை மறுப்பைக் குறிக்க விண்டோஸ் ஐந்தினை ஆள்கின்றது; லினக்சில் ஐந்தாம் எண் உள்ளிடு வெளியீட்டுக் கோளாற்றைச் சுட்டும். யார் கூறியது என்று வினவாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பொருள் தேடுவார், வேற்றூர்க்குச் செல்லும் வண்டியில் ஏறினவர் ஆவர். லினக்சில் ஒரு நிரல் விட்டுச் செல்லும் எண் 255க்கு மேற்படாது. அங்கே 137 என்பது தோன்றின், அதிலிருந்து 128 ஐக் கழித்தல் வேண்டும். எஞ்சிய ஒன்பது, அந்நிரல் தானே முடியவில்லை, வெளியிலிருந்து வலிந்து நிறுத்தப்பட்டது என்பதைக் காட்டும் குறிப்பு. பெரும்பாலும் நினைவகம் போதாமையால் இயக்கமுறைமையே அங்ஙனம் நிறுத்தியிருக்கும்.

சில குறிகள் இணையாக வரும். விண்டோசைப் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு உயர்த்துங்கால் சி1900101 என்னும் குறியும், அதன் பக்கத்தில் 20017 என்னும் குறியும் சேர்ந்து தோன்றுதல் உண்டு. முன்னது பெரும்பாலும் சாதன இயக்கி ஒன்றன் பொருத்தமின்மையைச் சுட்டும். பின்னது நிறுவல் எந்தக் கட்டத்தில், எந்தச் செயலின்போது நின்றது என்பதைச் சுட்டும். முன்னது யாது என்பதற்கும் பின்னது எங்கு என்பதற்கும் விடை. பாதியை மட்டும் குறித்துக்கொண்டு வந்து தீர்வு கேட்பார்க்கு விடையிறுப்பது எங்ஙனம்?

இனி 1603 என்பதற்கு மீள்வோம். அதன் பொருள், நிறுவலின்போது கடும்பிழை நிகழ்ந்தது என்பதாகும். இஃது ஒரு பொதுப்பெயர். மரம் என்றால் அது தேக்கா, வேம்பா, புளியா என்பது விளங்காததுபோல, 1603 என்றால் பிழை இன்னதென விளங்காது. கோப்புறை மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் 1603 வரும். சிஸ்டம் என்னும் கணக்கிற்கு அக்கோப்புறையில் முழு உரிமை இல்லையாயினும் 1603 வரும். நிறுவியின் உள்ளே இயங்கும் சிறு நிரலொன்று தடுமாறினாலும் 1603 தான் வரும். ஒரு பெரிய அலுவலகத்தில் எந்த மேசையில் தவறு நேர்ந்தாலும், வாயிற்காவலர் 'இன்று வேலை ஆகவில்லை' என்று ஒரே விடை கூறுவதை இஃது ஒக்கும். காவலரைக் கடிந்து பயனில்லை. உள்ளே சென்று ஏட்டைப் பார்த்தல் வேண்டும்.

அவ்வேடு உண்டு. லாக் என வழங்கும் நிகழ்ச்சிக் குறிப்பேடு அது. விரிவாக எழுதுக என்று கட்டளையிட்டு நிறுவியை ஏவினால், செய்யும் ஒவ்வொரு செயலையும் அதன் முடிவையும் நேரத்தோடு எழுதி வைக்கும். ஆயிரக்கணக்கான வரிகள் அதில் இருக்கும். அதனைத் திறப்பவர் பெரும்பாலோர் கடைசி வரியிலே கண்ணைப் பதிக்கின்றனர். அங்கே இருப்பதோ, செய்தவற்றை நீக்கிய வரலாறு. பிழை நிகழ்ந்த இடம் அதற்கு வெகுதொலைவு மேலே கிடக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர், ஒரு செயல் நன்கு முடிந்தால் 'ரிட்டர்ன் வேல்யூ 1' என்றும், பயன்படுத்துவோர் நிறுத்தினால் 2 என்றும், கடும்பிழையாயின் 3 என்றும் எழுதும். ஆகவே, மேலிருந்து தேடி முதன்முதல் 3 வரும் வரியைக் கண்டு, அதற்குச் சற்று மேலுள்ள வரிகளைப் படித்தல் வேண்டும். பின்வரும் 3கள் பெரும்பாலும் முதற்பிழையின் எதிரொலிகள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்க. ஒரு நூலகத்தில் நூற்பட்டியல் பேணும் மென்பொருளை நூலகர் நிறுவுகின்றார். இடையில் ஒரு பெட்டி தோன்றுகின்றது. அதனைப் படியாது நீக்குகின்றார். முடிவில் 1603 வருகின்றது. அவர் குறிப்பேட்டைத் திறந்து, முதல் 3 நிற்கும் வரிக்கு மேலே 1920 என்னும் எண்ணைக் காண்கின்றார். ஒரு சேவை தொடங்கவில்லை, சேவைகளைத் தொடங்கும் உரிமை உமக்கு உளதா என்று பாரும் என்பது அச்செய்தி. நூலகர் நிர்வாகி உரிமையோடு மீண்டும் முயல்கின்றார். பயனில்லை. ஏன்? 1920 கூறிய செய்தியில் இரு கூறுகள் உள. சேவை தொடங்கவில்லை என்பது கண்டது. உரிமையைப் பாரும் என்பது கருதியது. கண்டது மெய், கருதியது ஊகம். நிறுவியை இயற்றியோர் எல்லாக் காரணங்களையும் முன்னறிய இயலாமையால், மிகுதியும் நிகழ்வதொன்றை எழுதி வைத்துள்ளனர். இவ்வேறுபாட்டை உணராதார், உரிமை உரிமை என்று அதனையே சுற்றிச் சுற்றி வருவர்.

நூலகர் சிந்திக்கின்றார். மூன்றாம் முறை 1920 என்னும் பெட்டி தோன்றியபொழுது அதனை நீக்காமல் அப்படியே விடுகின்றார். நிறுவி விடைக்காகக் காத்து நிற்கும் அவ்வேளையில், அது கொணர்ந்த கோப்புகள் உரிய இடத்தில் இருக்கும்; நீக்கப்பட்டிரா. அங்கே சென்று அச்சேவைக்குரிய நிரலைத் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கின்றார். அது இயங்காமல், விசுவல் சி பிளஸ் பிளஸ் துணைத்தொகுப்பைச் சார்ந்த ஒரு கோப்புக் கிடைக்கவில்லை என்று கூறுகின்றது. இதோ முதற்காரணம்! 1603 என்பதும் அதனைக் கூறவில்லை. 1920 என்பதும் அதனைக் கூறவில்லை. அவ்விரண்டும் வழிகாட்டிகளாய் நின்று இவரை இங்கே கொணர்ந்தன. நூலகர் முதலில் அத்துணைத்தொகுப்பை நிறுவுகின்றார். 3010 தோன்றுகின்றது. அவர் கலங்கவில்லை, கணிப்பொறியை மறுதொடக்கம் செய்து, பின்னர்ப் பழைய மென்பொருளை நிறுவுகின்றார். இம்முறை சுழி.

பிழைக்குறியைக் கண்டு அஞ்சுவோர் உளர் என்பதனை வஞ்சகரும் நன்கறிவர். இணையத்தில் உலவுங்கால் திடீரென ஒரு பெரிய எச்சரிக்கை தோன்றும்; ஒரு நீண்ட பிழைக்குறியும், உடனே அழைக்குமாறு ஒரு தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். அழைத்தவர் கணிப்பொறியை வஞ்சகர் கையில் ஒப்படைத்து, வங்கிப் பணத்தையும் இழப்பர். மைக்ரோசாப்டின் உண்மையான பிழையறிவிப்பில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. குறியைப் பகுக்கக் கற்றவர் இவ்வலையில் எளிதில் சிக்கார்.

குறியைச் செம்மையாகப் பகுத்து, பொருளும் சரியாக அறிந்த பின்னும் ஓர் இடர் எஞ்சுகின்றது. குறியே தவறாக இருந்தால் என் செய்வது? அதுவும் நிகழ்ந்ததுண்டு.

2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள், விண்டோஸ் 10 கணிப்பொறிகளுக்காக மைக்ரோசாப்ட் கேபி5034441 என்னும் புதுப்பிப்பை வெளியிட்டது. கணிப்பொறி தொடங்காதபோது அதனைச் சரிசெய்ய உதவும் மீட்புச் சூழல் என்னும் பகுதியில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தது. அக்குறையின் வழியே, பிட்லாக்கர் என்னும் மறையாக்கக் காவலை ஒருவர் கடந்துவிடக் கூடும். அதனை அடைப்பதே புதுப்பிப்பின் நோக்கம். ஆயின் பலருடைய கணிப்பொறிகளில் அது நிறுவப்படாமல் 80070643 என்னும் குறியோடு நின்றது. மறுபடி முயன்றாலும் அதே குறி. மறுநாளும் அதே குறி.

குறியைப் பகுத்தவர்க்கு 1603 கிடைத்தது; நிறுவல் தோற்றது என்னும் பொதுச்செய்தி கிடைத்தது; அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையில் நிகழ்ந்தது வேறு. மீட்புச் சூழல் வன்தட்டில் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பிரிவில் வாழ்கின்றது. புதுப்பிப்பை ஏற்க அப்பிரிவில் 250 மெகாபைட்டு வெற்றிடம் வேண்டியிருந்தது. பல கணிப்பொறிகளில் அவ்விடம் இல்லை. முதன்மைப் பிரிவில் எத்துணை இடம் வெறிதே கிடந்தாலும் மீட்புப் பிரிவுக்கு அது பயன்படாது. அடுத்த வீட்டுத் திண்ணை அகலமாயிருப்பதால் இவ்வீட்டு விருந்தினர்க்கு இடம் வந்துவிடுமா? எனவே, இடம் போதவில்லை என்னும் குறியே தோன்றியிருத்தல் வேண்டும். பிழைக்குறிகளைக் கையாளும் நிரற்பகுதியில் இருந்த ஒரு குறையால், அக்குறிக்கு மாற்றாக 80070643 தோன்றிவிட்டது. இதனை மைக்ரோசாப்டே தன் அறிவிப்பில் ஒப்புக்கொண்டது.

இதில் வருந்தத்தக்கது யாதெனின், இடமில்லை என்று சொல்லியிருந்தால் பள்ளி மாணவரும் வட்டைத் திறந்து அளந்து பார்த்திருப்பர். நிறுவல் தோற்றது என்று சொன்னமையால், தேர்ந்தவரும் அளக்கவேண்டும் என்று நினைத்திலர். பிழையை அறிவிக்கும் உறுப்பிலேயே பிழை புகுந்தால் அதன் விளைவு இத்தகையது. அந்நிலையில் காரணத்தைக் கண்டவர், எண்ணோடு நில்லாமல், இப்புதுப்பிப்பு எப்பொருளின் மேல் செயற்படுகின்றது என்று முதலில் வினவினார். மீட்புச் சூழலின் மேல் என்பது அறிவிப்பிலேயே இருந்தது. அஃது எங்கே உளது, அங்கே இடம் எவ்வளவு என்று அடுத்து வினவினார். விடை கிடைத்தது.

தீர்வும் எளிதாக இல்லை. மீட்புச் சூழலை முதலில் நிறுத்திவைத்து, முதன்மைப் பிரிவை 250 மெகாபைட்டு அளவுக்குச் சுருக்கி, பழைய மீட்புப் பிரிவை நீக்கி, பெரியதாகப் புதியதொன்றை அமைத்து, மீட்புச் சூழலை மீண்டும் இயக்குதல் வேண்டும். கட்டளைகளைக் கையால் தட்டிச் செய்யவேண்டிய பணி இது. பிரிவின் எண் ஒன்று மாறினாலும் நீக்கப்படுவது மீட்புப் பிரிவாக இராது. உடையவரின் கோப்புகள் அனைத்தும் இருக்கும் பிரிவாக இருக்கும். ஆதலின் முதற்கண் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. விண்டோஸ் 10 கணிப்பொறிகளுக்குத் தானே இயங்கும் தீர்வு ஒன்றனை வழங்க இயலாது என்றும், இடம் போதாதவர்கள் கையாலேயே இதனை முடித்தல் வேண்டும் என்றும் மைக்ரோசாப்ட் அவ்வாண்டிலேயே தெரிவித்துவிட்டது. அங்ஙனம் முடித்தவர்களுடைய திரையில் அப்புதுப்பிப்பு, 80070643 இன்றி, முதன்முறையாக நிறைவெய்தியது.